எடைக்கல் அண்ணன் எழுதிய பதில்

லிஃப்ட் மெக்கானிக்குகள் வேலை இடத்தில் கத்துவதில்லை. லிஃப்ட் ஓடும் அந்த நெடுங்குழி, மேலே முணுமுணுத்ததைக்கூடக் கீழ்மாடி வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அது தெரிந்தும், லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற லிஃப்ட்காரி அன்று கத்தினாள். மொட்டைமாடி மெஷின் ரூமில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, உள்ளே வளைந்து கிடந்த ஒரு சாண் நீல வயரைப் பார்த்தவள், "எந்தப் படுபாவி போட்டது இதை?" என்று போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடித் தையல் கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

முந்தின நாள் காலையில் அந்தக் கூடத்தில் தைக்கிற பெண் ஒருத்தி லிஃப்டுக்குள் ஒரு காலை எடுத்து வைத்திருக்கிறாள். கதவு திறந்தபடியே லிஃப்ட் கிளம்பிவிட்டது. உள்ளே வைத்த கால் லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு கட்டடக்காரர் லிஃப்ட்காரிக்குப் போன் போட்டு, "என்னன்னு பாத்துடுங்க, சீக்கிரம் ஓட்டணும்" என்றார். அந்தச் 'சீக்கிரம்' காதில் விழுந்தபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லிஃப்டின் கதவு சரியாகப் பூட்டினால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். பூட்டில் கோளாறு என்றால் லிஃப்ட் நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். மெக்கானிக் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்காக, ஆளே ஏறாதபடி லிஃப்டைத் தடுத்து வைத்துவிட்டு, பூட்டின் இணைப்பில் ஒரு துண்டு வயரை மாட்டிப் பார்ப்பான். அதற்கு ஜம்பர் என்று பெயர். கதவு பூட்டியிருக்கிறது என்று லிஃப்டிடம் பொய் சொல்லும் வயர் அது. பார்த்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் லிஃப்ட் அந்தப் பொய்யை நம்பிக்கொண்டு, கதவைப் பப்பரப்பா என்று திறந்து வைத்தபடி மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும்.

"தொடாதே. போலீஸ் பாக்கணும், அப்படியே இருக்கட்டும்" என்று தம்பியிடம் சொன்னாள். தம்பிதான் அவளுக்குத் தொழிலில் கூட்டு. அக்காவின் கோபத்தைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் என்பதால் பேசாமல் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டான்.

சத்தம் கேட்டுக் கட்டடத்து எலக்ட்ரீஷியன் படியேறி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நீதானா போட்டே?"

"நானா ஒண்ணும் பண்ணலக்கா. ஃபோரத்துல இருந்துச்சு. அதைப் பாத்துத்தான் போட்டேன். சும்மா யாரோ எழுதினது இல்லக்கா, பெரிய ஆளு எழுதினது."

போனை எடுத்துக் காட்டினான். தம்பிதான் முதலில் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். லிஃப்ட்காரி அதைப் பிடுங்கிப் படித்தாள்.

'லிஃப்ட் நின்றுவிட்டதா? பயப்படாதீர்கள். கதவுப் பூட்டின் இணைப்பில் ஒரு வயர் போட்டுப் பாருங்கள். ஓடினால் கோளாறு பூட்டில்தான். வேறு எதையும் நோண்டாதீர்கள்.'

எழுதியவர்: எடைக்கல். பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம். கீழே நன்றி, நன்றி, நன்றி என்று பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்த எடைக்கல் அவள்தான். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கான அந்த இணைய மன்றத்தில் தம்பியின் நம்பரைக் கொடுத்துச் சேர்ந்தபோது, லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எடையை நினைத்து அவள் வைத்துக்கொண்ட பெயர் அது. மறுநாளே எவனோ 'எடைக்கல் அண்ணே' என்று ஆரம்பித்துவைத்தான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. அக்கா என்றால் வாதாடுகிறவர்கள் அண்ணன் என்றால் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவள் சீக்கிரமே தெரிந்துகொண்டாள். தெரிந்து கொஞ்சம் சிரித்தாள், கொஞ்சம் வயிறெரிந்தாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

கழற்றிவிடுங்கள் என்று எழுத அன்றைக்கு அவளுக்குத் தோன்றவே இல்லை. பல வருஷம் கம்பெனியில் அடி வாங்கி வேலை கற்றவளுக்கு, வயரை மாட்டுவதும் கழற்றுவதும் ஒரே வேலை. சாப்பிட்டால் கை கழுவு என்று யாராவது எழுதிவைப்பார்களா? படிக்கிறவனும் தன்னைப் போல ஒரு மெக்கானிக் என்றுதான் நினைத்தாள். ஃபேன் மாட்டுகிறவனும் பல்பு மாற்றுகிறவனும் தேடிக் கண்டுபிடித்துப் படிப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

"அந்தப் பெரிய ஆளு நான்தான்" என்றாள்.

எலக்ட்ரீஷியன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். தம்பி தரையைப் பார்த்தான்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தையல்காரப் பெண் முழங்காலுக்குக் கீழே பெரிய கட்டோடு படுத்திருந்தாள். விரல்களை எடுத்துவிட்டார்கள், பாதத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்று பக்கத்திலிருந்த அவள் தங்கை சொன்னாள். லிஃப்ட்காரி நான்தான் எழுதினேன் என்று தொடங்கி என்னென்னவோ சொன்னாள். ஃபோரம், ஜம்பர் எதுவும் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"வலது கால்மா. மெஷின் மிதிக்கிற கால்."

போலீஸ் ஸ்டேஷனிலும் லிஃப்ட்காரி போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். எழுதி வாங்கியவர், "போன்ல யார் யாரோ என்னென்னவோ எழுதுறாங்க. அதுக்கெல்லாம் நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில்கூடத் தன்னை ஆளாக மதிக்கவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, கமுக்கமா அதை அழிச்சிடு. எடைக்கல் யாருன்னு எவனுக்கும் தெரியாது. நாளைக்கு அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போனா நம்ம தொழிலே படுத்துடும்."

"அழிக்கத்தான் போறேன். ஆனா நீ சொல்ற காரணத்துக்கு இல்ல. இன்னொரு தடவை அப்படிப் பேசினே, பல்லு இருக்காது."

"எந்தக் காரணத்துக்கா இருந்தா என்னக்கா, அழிஞ்சா சரி."

அதுதான் அவளை ரொம்பவும் சுட்டது. தான் செய்ய நினைக்கிற ஒரு நல்ல காரியம், பார்ப்பவர் கண்ணுக்குத் திருட்டு வேலையாகத்தான் தெரியும். ஆனாலும் உட்கார்ந்து மன்றத்தைத் திறந்தாள். அழிக்கிற பொத்தான் இல்லை. எழுதிய மறுநாளே திருத்துகிற வசதியும் போய்விடும். அது அந்த மன்றத்தின் விதி.

அந்த விதி வந்த கதை வேறு. மன்றத்தை நடத்துகிறவர் லிஃப்ட் சாமான் கடை வைத்திருக்கிறவர், எல்லோருக்கும் சித்தப்பா. முன்பு ஒரு உறுப்பினர் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு, வருஷக்கணக்கில் எழுதிய அத்தனையையும் ராத்திரியோடு ராத்திரியாக அழித்துவிட்டுப் போனான். மன்றம் ஒரு பக்கம் மட்டும் கேட்கிற போன் பேச்சு மாதிரி ஆகிவிட்டது. 'ஆமாண்ணே, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன்' என்று ஒருவன் எழுதியிருப்பான். என்ன சொன்னான், என்ன செய்தான் என்று தெரியாது. அதற்குப் பிறகுதான் சித்தப்பா ஓட்டெடுப்பு வைத்து, யாரும் எதையும் அழிக்கக் கூடாது, தானும் யார் எழுத்திலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்தார். அன்றைக்கு முதல் ஆளாகக் கை தூக்கி, 'பொதுவில் போட்ட பிறகு அது பொதுச் சொத்து' என்று நீட்டி முழக்கி எழுதியது எடைக்கல் அண்ணன்தான்.

அவள் சித்தப்பாவுக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. 'எடைக்கல் அண்ணே, உங்களுக்கே தெரியும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். தப்பு இருந்தால் கீழே திருத்தம் போடுங்கள்.'

போட்டாள். 'மேலே நான் எழுதியது ஆபத்து. வயர் போட்டிருந்தால் உடனே லிஃப்டை நிறுத்திக் கழற்றுங்கள். ஒரு பெண்ணுக்குக் கால் போயிருக்கிறது.' மன்றத்தின் வழக்கம் என்னவென்றால், எதற்காவது புதிதாக ஒரு வரி சேர்ந்தால் அந்தப் பேச்சு முகப்புக்கு வந்துவிடும். வருஷக்கணக்கில் அடியில் கிடந்த அவள் பதில் நட்சத்திரத்தோடு முன்னால் வந்து நின்றது. திறந்தவர்கள் முதல் பக்கத்தைப் படித்தார்கள். திருத்தம் கடைசிப் பக்கத்தில் கிடந்தது. 'அண்ணே பழசெல்லாம் மேல வருது, அருமை' என்று ஒருவன் எழுதினான். 'எடைக்கல் அண்ணன் எடைக்கல்தான்' என்று இன்னொருவன். அவள் மறுபடியும் எச்சரிக்கை போட்டாள். மறுபடியும் அது முகப்புக்கு வந்தது. மறுபடியும் நன்றி. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்தால்கூடக் கை வலிக்கிறதே என்று நிறுத்திவிடலாம். இங்கே நிறுத்தவும் முடியவில்லை, இறைக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலையில் குட்டிமோட்டார் என்கிற ஒருவன் எழுதியிருந்தான். 'இப்பத்தான் பார்த்தேன், உடனே போட்டேன், லிஃப்ட் ஜம்முனு ஓடுது. ஆபீஸ் கட்டடம், ஒரே கூட்டம், எல்லாரும் என்னைப் பாராட்டுறாங்க. நன்றி அண்ணே.'

லிஃப்ட்காரி நின்றபடியே கழற்று, கழற்று, கழற்று என்று அவனுக்குத் தனியாக எழுதினாள். அவன் பார்க்கவே இல்லை. பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சித்தப்பா கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் இரும்புக் கயிற்றுச் சுருள்களுக்கும் மாடி எண் போட்ட பொத்தான் டப்பாக்களுக்கும் நடுவில் சித்தப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரி அவருக்கு வாடிக்கை. அவளைக் கண்டதும், "வாம்மா, நீ கேட்ட கதவு ரோலர் வந்திருக்கு" என்றார்.

"ரோலரைக் குப்பையில போடுங்க. எடைக்கல் எழுதினதை அழிங்க, இப்பவே."

"ஓ, நீயும் ஃபோரம் பாக்கறியா? நல்லது. ஆனா அவருக்கு நீ எதுக்கும்மா வக்காலத்து வாங்கறே?"

"நான்தான் எடைக்கல்."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"நீயா? போன மாசம்கூட உன்கிட்ட சொன்னேனே, எடைக்கல் மாதிரி ஒரு ஆளுகிட்ட நீ கொஞ்ச நாள் வேலை கத்துக்கணும்னு."

"சொன்னீங்க. நானும் சரின்னேன். இப்ப அழிங்க."

நடந்ததையெல்லாம் கொட்டினாள். சித்தப்பா கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் அவருடன் சண்டை போடுவது அத்தனை கஷ்டமாக இருந்தது.

"அந்த எலக்ட்ரீஷியன் பையனை நினைச்சுப் பாத்தியா? பெரிய ஆளு சொல்லித்தான் போட்டேன்னு அவன் சொல்றதுக்கு இருக்கற ஒரே அத்தாட்சி அதுதான். அதை அழிச்சா நீ வெளிய வந்துடுவே. அவன் உள்ள போவான்."

"நான் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டேன். கையெழுத்தும் போட்டிருக்கேன். போய்க் கேட்டுக்கங்க."

"நீ எழுதிக் கொடுத்திருப்பே. அடுத்தவன் அழிச்சிட்டு எழுதிக் கொடுப்பானா? உனக்குத் திறந்துவிட்டா எல்லாருக்கும் திறக்கணும். தப்பு பண்ணினவன் ஒவ்வொருத்தனும் வந்து நிப்பான்."

"நிக்கட்டும். உங்க விதி நேர்மையா இருக்கு, அழகா இருக்கு, கண்ணாடிக் கூண்டுல வச்சுக் கும்பிடுங்க. இங்க ஒருத்திக்கு மிதிக்கிற கால் போச்சு, சித்தப்பா. தையல் மெஷினை அவ இனிமே எதால மிதிப்பா? உங்க விதியாலயா? இந்த நிமிஷம் ஒரு ஆபீஸ்ல கூட்டம் கூட்டமா ஏறிக்கிட்டிருக்காங்க. என் பேரைச் சொல்லி ஒருத்தன் வயரை மாட்டிட்டு உக்காந்திருக்கான். நான் எழுதினதை நான் திரும்ப எடுத்துக்கக் கூடாதுன்னா, அப்ப அது என்னோடது இல்ல, உங்களோடது. அடுத்த கால் போச்சுன்னா அது உங்க கணக்கு. சம்மதமா?"

கடையில் சாமான் வாங்க நின்றவர்கள் மெல்ல வெளியே நழுவினார்கள். சித்தப்பா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கும் பொண்ணு இருக்கு. அவளும் லிஃப்டுலதான் போறா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

அவளுடைய பதில் திரையில் வந்தது. அவர் மட்டுமே பார்க்க முடிகிற சிவப்புப் பொத்தானை அழுத்தினார். 'இந்தப் பதிலும் இதன் கீழுள்ள எல்லாப் பேச்சும் நீங்கிவிடும். நிச்சயமா?' என்று ஒரு பெட்டி கேட்டது. அவர் அம்புக்குறியை 'ஆம்' மேல் கொண்டுபோய் வைத்தார்.

லிஃப்ட்காரி எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

பெட்டிக்குப் பின்னால் அந்த நன்றிகள் தெரிந்தன. எத்தனையோ சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஒவ்வொன்றாகப் படித்து உச்சி குளிர்ந்திருக்கிறாள். 'போட்டேன், ஓடுது அண்ணே.' 'எங்க ஆஸ்பத்திரி லிஃப்டும் சரியாயிடுச்சு.' 'பள்ளிக்கூடத்துல போட்டேன், சூப்பர்.' ஓடுது என்று சொன்னார்களே தவிர, கழற்றினேன் என்று ஒருவனும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாகத் தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு மெஷின் ரூமில் ஒரு வயர் தொங்கிக்கொண்டிருக்கிறது. அழித்தால் அவள் எழுதியது போகும். வயர்கள் அங்கேயே இருக்கும். எந்தெந்தக் கட்டடத்தில் என்று தேட வழியும் இருக்காது.

"அழிக்காதீங்க" என்றாள்.

"என்னம்மா விளையாடறியா? இவ்வளவு நேரம் என் கழுத்துல கத்தி வச்சே."

"பாருங்க இதை. ஆஸ்பத்திரி. பள்ளிக்கூடம். இவன் போட்டிருக்கான். இவனும் போட்டிருக்கான். இவங்க எல்லாரையும் கூப்பிடணும். நம்பர் உங்ககிட்டதானே இருக்கு, கொடுங்க."

"உறுப்பினர் நம்பரை யார்கிட்டயும் கொடுக்கறதில்ல." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து அவசரமாகச் சேர்த்தார். "நானே போட்டுத் தர்றேன், நீ பேசு. முதல்ல நீ எழுதின நாலு வரியை மட்டும் எடுத்துட்டு, அங்க எச்சரிக்கையை வைக்கிறேன். அடியில இருக்கறது அப்படியே இருக்கட்டும்."

"எடுங்க. யார் எழுதினதுன்னு என் நிஜப் பேரையும் போட்டு வைங்க. கடைசி ஆள்கிட்ட பேசி முடிச்சப்புறம் மொத்தத்தையும் அழிக்கலாமா வேணாமான்னு மறுபடி சண்டை போடலாம்."

சித்தப்பா போட்டார். அவளுடைய பெயர், ஊரறிய, ஆபத்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தம்பி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். முதலில் குட்டிமோட்டாரைக் கூப்பிடச் சொன்னாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை எடுத்தான். சித்தப்பா விஷயத்தைச் சொல்லிப் போனை அவளிடம் நீட்டினார்.

"பேனல்ல வயர் இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்குங்க. அதனாலதானே ஓடுது."

"லிஃப்ட் இப்ப எங்க இருக்கு?"

"மேல போய்ட்டு இறங்கிக்கிட்டிருக்கு. ஆபீஸ் நேரங்க, கீழ வரிசை நிக்குது."

"வரிசைக்கு முன்னால போய் நில்லு. உள்ள இருக்கறவங்க இறங்கட்டும். ஒருத்தரையும் ஏற விடாதே. காலியானதும் கீழ போர்டுல மெயினை ஆஃப் பண்ணு. போனை வைக்காதே, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"என்னங்க நீங்க, இத்தனை பேரும் என்னைத் திட்டுவாங்க. காலைலதான் சபாஷ்னாங்க."

"திட்டட்டும். போ."

அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. செருப்பு வழுக்கியது. லிஃப்ட் வந்து நிற்கிற மணி அடித்தது. ஏறாதீங்க, ஏறாதீங்க என்று அவன் குரல். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். டக்கென்ற சத்தத்தோடு மெயின் அணைந்தது. பிறகு ஒரே கூச்சல். இப்பத்தானே ரிப்பேர் பண்ணினே, அறிவிருக்கா, ஆறு மாடி யார் ஏறுறது, உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வச்சான். ஒரு பெண் எல்லோரையும் விட உரக்கத் திட்டினாள். திட்டிக்கொண்டே படியேறுகிறாள் என்பது அவள் குதிகாலின் தட் தட் சத்தத்திலிருந்து தெரிந்தது. இரண்டு காலின் சத்தம்.

லிஃப்ட்காரி அது மேல்மாடிக்குப் போய் மறைகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, வயரைக் கழற்றாமல் மெயினைப் போடாதே என்று அவனிடம் சொல்லிவிட்டு, போனைச் சித்தப்பாவிடம் கொடுத்து, பள்ளிக்கூடத்தைக் கூப்பிடச் சொன்னாள்.